உலோகத்தின் மேல் பீங்கான்: பல் கேப் உருவாகும் முழு வழி

பாளையங்கோட்டையில் சிறிய பல் லேப் ஒன்றை நடத்தி வருகிறேன். தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர், திசையன்விளைப் பக்கத்துப் பல் மருத்துவர்கள் எடுக்கும் அளவுகள் பஸ் பார்சலில் வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்துக்கு வந்து சேரும். டப்பாவைத் திறந்தால் ரப்பர் போன்ற பொருளில் பதிந்த பல்வரிசை, ஒரு கடிப் பதிவு, கூடவே ஒரு சீட்டு: "46, ஏ3, பெண், 52 வயது." 46 என்றால் கீழ் வலப்பக்கத்து முதல் கடைவாய்ப்பல், ஏ3 அதன் நிறம். அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லை. ஆனால் நான் செய்து அனுப்புவதை வைத்துத்தான் அவர் இனிமேல் முறுக்கு கடிக்க வேண்டும்.

லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிக்கொடுப்பதை இங்கே எழுதி வைக்கிறேன். "கேப் போட அளவு எடுத்தாகிவிட்டதே, இன்னும் ஏன் ஒரு வாரம்?" என்று மருத்துவரிடம் கேட்டவர்களும் படிக்கலாம்.

இந்த வகைக் கேப்பில் உள்ளே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்பில் ஓர் உலோகத் தொப்பி இருக்கும். லேபில் அதைக் கோப்பிங் என்போம். அதன் மேல் பல்லின் நிறத்தில் பீங்கான் உருகி ஒட்டியிருக்கும். பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தாலோ வளைத்தாலோ விரிசல் விடும். உலோகம் எல்லாவற்றையும் தாங்கும், ஆனால் சிரிக்கும்போது பளபளக்கும். இரண்டையும் சேர்த்தால் நல்லது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் வெகுகாலம் முடியவில்லை. சூளையிலிருந்து எடுத்து ஆறியதும் பீங்கான் தெறித்துவிடும். உலோகத்தோடு ஒத்துச் சுருங்கும் பீங்கானை உருவாக்கி வைன்ஸ்டைன், காட்ஸ் ஆகியோர் 1962இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பிறகுதான் இந்தக் கேப் உலகம் முழுவதும் பரவியது.

ஒத்துச் சுருங்குவது என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் வேலை முழுவதும் அதுதான். ஜிப்சம் இறுகும்போது விரியும். மெழுகு ஆறும்போது சுருங்கும். வார்த்த உலோகம் சுருங்கும், அதை ஈடுகட்ட அச்சை விரிய வைக்க வேண்டும். பீங்கான் சுடும்போது சுருங்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு கடன் விழுகிறது, அடுத்த படியில் அதை அடைக்கிறோம். எங்காவது அடைக்காமல் விட்டால் கடைசியில் நோயாளியின் பல்லில்தான் அது தெரியும்.

அளவு வந்து சேர்ந்ததும்

முதல் வேலை கிருமிநீக்கம். வாயிலிருந்து வந்த எச்சிலும் ரத்தமும் அதில் இருக்கும். மருத்துவர் செய்திருப்பார் என்று நினைக்காமல் நீங்களும் செய்யுங்கள்.

பிறகு அளவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மருத்துவர் பல்லைச் சுற்றிலும் சீவியிருப்பார். பீங்கான் வரும் பக்கத்தில் 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர் வரையும், கடிக்கும் பரப்பில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரையும் சீவினால்தான் உலோகத்துக்கும் பீங்கானுக்கும் இடம் கிடைக்கும். சீவிய பகுதி முடியும் கோடு ஈறை ஒட்டி ஓடும். அதுதான் விளிம்பு. அந்தக் கோடு அளவில் சுற்றிலும் அறுபடாமல் தெரிய வேண்டும். குமிழ் இருந்தாலோ, இழுபட்டிருந்தாலோ, ஈறு மூடியிருந்தாலோ மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

இதில் நான் பட்டிருக்கிறேன். தொழில் தொடங்கிய காலத்தில் ஓர் அளவில் உள்பக்கத்து விளிம்பு மங்கலாக இருந்தது. வாடிக்கையாளரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று கோட்டை நானே ஊகித்து வரைந்து கேப் செய்து அனுப்பிவிட்டேன். சில ஆண்டுகள் கழித்து அந்தக் கேப்பைக் கழற்றியபோது, நான் ஊகித்த அதே இடத்தில் பல் சொத்தையாகியிருந்தது என்று மருத்துவர் சொன்னார். கேட்கக் கூச்சப்பட்டது நான், பல்லை இழந்தது வேறொருவர். அன்று முதல் மங்கலான விளிம்பை நான் தொடுவதில்லை.

அளவு எதில் எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். பஸ்ஸில் வருவதற்கு அடிஷன் சிலிக்கோன் என்ற ரப்பர் போன்ற பொருள் ஏற்றது, நாள் கடந்தாலும் உருவம் மாறாது. ஆல்ஜினேட் அப்படியில்லை. அதில் பெரும்பகுதி தண்ணீர், எடுத்த கால் மணி நேரத்துக்குள் ஜிப்சம் ஊற்றியாக வேண்டும். திசையன்விளையிலிருந்து இங்கே வருவதற்குள் அது காய்ந்து சுருங்கிவிடும். எதிர்ப்பல் வரிசைக்கு ஆல்ஜினேட் எடுத்தால் கிளினிக்கிலேயே மாடல் ஊற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை மருத்துவர் வீட்டா அட்டவணையைப் பார்த்து எழுதுவார். அதில் ஏ1 முதல் டி4 வரை 16 நிறங்கள். டியூப்லைட்டின் கீழே பார்த்த நிறமும் பகல் வெளிச்சத்தில் பார்த்த நிறமும் ஒன்றாக இருப்பதில்லை. முன்பற்களுக்குப் பகலில், ஜன்னலோரம், நிறப்பட்டையைப் பல்லின் பக்கத்தில் வைத்து எடுத்த படம் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்வேன். நாங்கள் பார்க்கும் ஊரில் வெற்றிலை போடும் பெரியவர்கள் நிறைய. அவர்களுடைய பல்லில் கழுத்துப் பகுதி ஒரு நிறம், நுனி ஒரு நிறம். ஒற்றை எழுத்தும் எண்ணும் அதைச் சொல்லாது.

மாடலும் டையும்

நான்காம் வகை டை ஸ்டோன் என்ற கடினமான ஜிப்சப் பொடியை எடைபோட்டு, தண்ணீரை அளந்து கலக்க வேண்டும். 100 கிராம் பொடிக்கு ஏறக்குறைய 22 மில்லிலிட்டர், பையில் போட்டிருக்கும் அளவே இறுதி. கண் அளவில் தண்ணீர் ஊற்றுகிறவர்களை என் லேபில் நான் வைத்துக்கொள்வதில்லை. தண்ணீர் கூடினால் கல் மிருதுவாகும், விளிம்பு தேயும். குறைந்தால் விரிவு கூடும். வெற்றிடத்தில் கலக்கி, அதிர்வு மேடையில் வைத்து, ஒரு பக்கத்திலிருந்து சொட்டுச் சொட்டாக ஓடவிட்டு அளவை நிரப்புங்கள். இறுகியதும் அதுதான் மாடல். ஒரு மணி நேரம் ஆறட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பொடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பையை வாய் திறந்து வைத்தால் அடுத்த வாரம் அது இறுகும் நேரமே மாறிப்போகும்.

மாடலின் அடியில் பின் வைத்து, சீவிய பல்லை மட்டும் தனியே எடுத்து மறுபடி அதே இடத்தில் உட்கார வைக்கும்படி ரம்பத்தால் அறுக்கிறோம். அந்தத் தனிப் பல்தான் டை. விளிம்புக்குக் கீழே இருக்கும் கல்லைச் பர் என்ற சுழலும் சிறு முனையால் குடைந்து எடுத்தால் விளிம்பு எடுப்பாகத் தெரியும். அதைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துச் சிவப்புப் பென்சிலால் வரையுங்கள். பிறகு டை ஸ்பேசர் என்ற பூச்சு. 20 முதல் 40 மைக்ரான் தடிப்பு, விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே நிறுத்திவிட வேண்டும். கேப்பை ஒட்டும் சிமென்ட்டுக்கான இடம் அது. பூசாமல் விட்டால் டையில் கச்சிதமாக உட்காரும் கேப், வாயில் சிமென்ட்டோடு போடும்போது அடிவரை இறங்காமல் நின்றுவிடும்.

மேல் மாடலையும் கீழ் மாடலையும் கடிப் பதிவை வைத்து, தாடைபோல் அசையும் ஆர்ட்டிகுலேட்டர் கருவியில் பொருத்துவதோடு இந்தப் பகுதி முடிகிறது.

மெழுகு

மெழுகு வேலையில் அவசரக்காரர்கள் நேரே கோப்பிங் அளவுக்கு மெழுகைத் தோய்த்துவிட்டு வார்க்கப் போய்விடுவார்கள். வேண்டாம். முதலில் முழுப் பல்லையும் மெழுகில் கட்டுங்கள். மேடு, பள்ளம், பக்கத்துப் பல்லைத் தொடும் இடம், எதிர்ப்பல் வந்து அமரும் இடம் எல்லாம் வரட்டும். பிறகு பீங்கான் வர வேண்டிய பகுதிகளில் மட்டும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடவே சீவி எடுங்கள். இப்படிச் செய்தால் எல்லா இடத்திலும் பீங்கான் ஒரே சீரான தடிப்பில் அமையும். இல்லையென்றால் ஓர் இடத்தில் பீங்கான் 3 மில்லிமீட்டர் அந்தரத்தில் நிற்கும். உலோகம் தாங்காத பீங்கான் 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் என்றாவது ஒருநாள் உடையும். பீங்கானும் உலோகமும் சந்திக்கும் கோட்டில் எதிர்ப்பல் வந்து இடிக்கக் கூடாது. அந்தக் கோட்டைக் கடிக்கும் புள்ளியிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டராவது தள்ளி வையுங்கள்.

நிக்கல் குரோமியம் உலோகத்துக்கு மெழுகுத் தொப்பி 0.4 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் தேய்த்தபின் 0.3 மிஞ்சும். விளிம்பில் மட்டும் மெழுகை மறுபடி உருக்கி அழுத்திவிட வேண்டும், ஆறும்போது அது விளிம்பைவிட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால்.

மெழுகுக்கு நினைவு உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். வளைத்து அழுத்திய மெழுகு, சும்மா வைத்திருந்தால் மெதுவாகப் பழைய உருவத்துக்குத் திரும்பப் பார்க்கும். சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயிலுக்கு அது இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே டையிலிருந்து கழற்றிய மெழுகை அன்றே, அந்த வேளையிலேயே அச்சுக்குள் இறக்கிவிடுங்கள். காலையில் கழற்றிவைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்து பார்த்த மெழுகை நான் நம்புவதில்லை.

உலோகம் உள்ளே ஓடுவதற்கான வழி ஸ்புரூ. இரண்டரை முதல் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள மெழுகுக் கம்பியை மெழுகின் மிகத் தடித்த பகுதியில் சேருங்கள். மெல்லிய பகுதியில் சேர்த்தால், அங்கே உலோகம் முதலில் உறைந்து வழியை அடைத்துக்கொள்ளும். தடித்த பகுதி பசியோடு நின்று உள்ளே ஓட்டை விழும்.

வார்ப்பு

சாமி சிலை வார்க்கிறவர்கள் மெழுகில் உருச்செய்து, மண் பூசி, சுட்டு, மெழுகு ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள் அல்லவா, இதுவும் அதுவேதான். பல் மருத்துவத்தில் இந்த முறையை 1907இல் பரவச் செய்தவர் வில்லியம் டேகார்ட். மண்ணின் இடத்தில் எங்களுக்கு இன்வெஸ்ட்மென்ட் பொடி. சிலிக்காவும், மெக்னீசியம் ஆக்சைடும், பாஸ்பேட் உப்பும் கலந்தது. அதோடு கூழ்மச் சிலிக்கா அடங்கிய ஒரு திரவம் தருவார்கள்.

கடன் அடைக்கும் இடம் இதுதான். நிக்கல் குரோமியம் உருகிய நிலையிலிருந்து அறை வெப்பத்துக்கு வரும்போது 2 சதவீதத்துக்கும் மேல் சுருங்கும். அச்சும் அதே அளவு விரிந்திருந்தால்தான் கோப்பிங் டையில் ஏறும். திரவத்தில் தண்ணீர் சேர்க்காமல் விட்டால் விரிவு அதிகம், தண்ணீர் சேர்க்கச் சேர்க்க விரிவு குறையும். கோப்பிங் இறுக்கமாக வந்தால் அடுத்த முறை திரவத்தின் வீதத்தைக் கூட்டுங்கள், தளர்வாக வந்தால் குறையுங்கள். உங்கள் லேபின் சரியான வீதத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அது பக்கத்து லேபுக்குப் பொருந்தாது. பொடியும் திரவமும் 22, 23 டிகிரியில் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் அறை 35 டிகிரி இருக்கும்போது அப்படியே கலக்கினால் ஊற்றுவதற்குள் இறுகத் தொடங்கிவிடும், விரிவும் மாறும். குளிர்சாதன அறையில் முந்தின நாளே எடுத்து வைத்துவிடுங்கள்.

மெழுகில் எண்ணெய்ப் பிசுக்கு போகத் திரவம் தெளித்து, உலர்த்தி, ரிங் என்ற வளையத்துக்குள், அதன் மேல்விளிம்புக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் கீழே மெழுகு நிற்கும்படி அமைத்து, வெற்றிடத்தில் கலக்கிய மாவை மெல்ல நிரப்புங்கள். மெழுகில் ஒட்டிய ஒரு காற்றுக் குமிழ், உலோகத்தில் ஒரு குண்டுமணியாக வரும். கோப்பிங்கின் உள்ளே வந்தால் அது கேப்பை உட்கார விடாது.

பிறகு ரிங்கைச் சூடேற்றுவது. காருகுறிச்சியில் பானை செய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஈரம் போகாத பானையைச் சூளையில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்வார்கள். ரிங்குக்கும் அதே விதி. 300 டிகிரிவரை மெதுவாக ஏற்றி அங்கே நிறுத்தி வையுங்கள். சிலிக்கா 200 முதல் 270 டிகிரி வரையிலும், பிறகு 573 டிகிரியிலும் திடீரென்று விரியும், அந்த இடங்களில் அவசரப்படுத்தினால் அச்சு வெடிக்கும். கடைசியில் 900 டிகிரிக்குப் பக்கத்தில் அரை மணிக்கு மேல் வைத்தால் மெழுகின் கரி முழுவதும் எரிந்துவிடும். முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று ஓர் இரவு நேரே சூட்டை ஏற்றினேன். மூன்று ரிங்கிலும் அச்சு விரிசல் விட்டு, உலோகம் விரிசல்களில் ஓடிச் செதிள் செதிளாக வந்தது. மூன்றையும் மெழுகிலிருந்து மறுபடி தொடங்கினேன். வேகமாகச் சூடேற்றுவதற்கென்றே தயாரித்த இன்வெஸ்ட்மென்ட் வகைகள் இப்போது கிடைக்கின்றன. அதற்கு அதன் விதி, சாதாரணத்துக்கு இதன் விதி. இரண்டையும் குழப்பாதீர்கள்.

உலோகத்தை இண்டக்ஷன் இயந்திரத்தில் உருக்கும்போது கண்ணாடிபோல் பளபளக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நிக்கல் குரோமியம் கட்டிகளின் முனைகள் மழுங்கி, ஒன்றோடொன்று சரிந்து சேரும் நேரத்தில் இயந்திரத்தைச் சுழலவிட்டு உலோகத்தை அச்சுக்குள் பாய வைக்க வேண்டும். அதற்கு மேல் சூடானால் வார்ப்பு கரடுமுரடாகவும் ஓட்டையாகவும் வரும். மிச்ச உலோகத்தை மறுபடி சேர்ப்பதானால் பாதிக்குப் பாதியாவது புதியது இருக்கட்டும். வார்த்த ரிங்கைத் தண்ணீரில் போடாதீர்கள், தானாக ஆறட்டும்.

உலோகம் பற்றி இன்னும் ஒன்று. பெரிலியம் சேர்ந்த கட்டிகளை வாங்கவே கூடாது, தேய்க்கும்போது வரும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். அதைக் கேட்டு எழுதும்படி மருத்துவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவர்களுக்கு நிக்கல் இல்லாத உலோகம்தான்.

உலோகத்தை ஒழுங்கு செய்தல்

அச்சை உடைக்கும்போதும், மணலை வேகமாக வீசிச் சாண்ட்பிளாஸ்ட் செய்யும்போதும், தேய்க்கும்போதும் முகக்கவசமும் தூசி இழுக்கும் இயந்திரமும் இல்லாமல் உட்காராதீர்கள். இன்வெஸ்ட்மென்ட் தூசி சிலிக்காத் தூசி. நுரையீரலில் படிந்தால் திரும்பி வராது. முப்பது வயதில் இருமலோடு இந்தத் தொழிலை விட்டுப் போனவர்களை நான் அறிவேன். நூறு கேப் தாமதமானாலும் பரவாயில்லை, கவசம் இல்லாமல் ஒரு கேப்பைக்கூடத் தேய்க்க வேண்டாம்.

கோப்பிங்கை டையில் அழுத்தி ஏற்றாதீர்கள். கல் தேயும், பிறகு எல்லாம் பொருந்துவதுபோலவே பொய்யாகத் தெரியும். உள்ளே இடிக்கும் புள்ளியைக் கண்டுபிடித்து அதை மட்டும் எடுங்கள். வெளிப்புறத்தை ஒரே திசையில் தேய்க்க வேண்டும். குறுக்கும் நெடுக்கும் தேய்த்தால் உலோகம் மடிந்து காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்தக் காற்று பீங்கானில் குமிழாக வெளிவரும். கூர்மையான மூலை எதுவும் வேண்டாம். தடிப்பைக் காலிப்பரில் பாருங்கள். பிறகு 50 மைக்ரான் அலுமினியம் ஆக்சைடு மணலால் பிளாஸ்ட் செய்து, நீராவியில் கழுவினால் போதும். அதற்குப் பிறகு விரல் படக் கூடாது. முடிந்தால் இந்த நிலையில் கோப்பிங்கை மருத்துவருக்கு டிரையலுக்கு அனுப்புங்கள். இரண்டு நாள் கூடுதலாகும், ஆனால் பீங்கான் போட்ட பிறகு தெரியும் தவறு இப்போதே தெரிந்துவிடும்.

பீங்கான்

முதலில் கோப்பிங்கை மட்டும் சூளையில் வைத்து மேலே மெல்லிய ஆக்சைடு படலம் வரச்செய்கிறோம். பீங்கான் பிடித்துக்கொள்வது அந்தப் படலத்தில்தான். தடித்தால் படலமே உரிந்து வரும். எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்பதை அந்தந்த உலோகத்தின் தாளில் பாருங்கள்.

அடுத்து ஓபேக். உலோகத்தின் சாம்பல் நிறத்தை மறைக்கும் பூச்சு. முதல் சுற்று மிக மெல்லியதாக, உலோகத்தின் நுண்பள்ளங்களுக்குள் இறங்கும்படி. இரண்டாம் சுற்று மறைப்பதற்கு. மொத்தம் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, போனால் பல்லுக்குள் வெளிச்சம் நுழைய இடமில்லாமல் சுண்ணாம்புச் சுவர்போல் இருக்கும்.

இதற்கு மேல் வருவதுதான் நான் இந்தத் தொழிலை விரும்புவதற்கான காரணம். டென்டின் பொடியைக் காய்ச்சி வடித்த நீரில் குழைத்துத் தூரிகையால் பல்லின் உடலைக் கட்டுகிறோம். நுனிப்பகுதியில் அதைச் சாய்வாகச் சீவி, எனாமல் பொடியை வைத்து மூடுகிறோம். கழுத்தில் சற்று அடர்ந்த நிறம், நுனியில் கண்ணாடித்தன்மை. இளைஞரின் பல்லில் நுனி நீலம் கலந்த ஒளியோடு இருக்கும். வயதானவருக்கு நுனி தேய்ந்து, உடலின் மஞ்சள் முன்னுக்கு வந்திருக்கும். 60 வயதுக்காரருக்கு 20 வயதுப் பல்லை வைத்தால் அது பொய்ப்பல் என்று தெருமுனையிலிருந்தே தெரியும். அதனால்தான் சீட்டில் வயது வேண்டும் என்று மன்றாடுகிறேன்.

கட்டும்போது லேசாகத் தட்டி, மேலே எழும் ஈரத்தை மெல்லிய காகிதத்தில் ஒற்றி எடுங்கள். துகள்கள் நெருங்க நெருங்கச் சுருக்கம் குறையும். எப்படியும் சுருங்கும் என்பதால் நீள அகலத்தில் 10 முதல் 15 சதவீதம் பெரிதாகக் கட்ட வேண்டும். சூளை வாயில் வைத்துப் பல நிமிடம் உலர்த்துங்கள். காருகுறிச்சிப் பானையின் விதி இங்கேயும் பொருந்தும், நீராவி பீங்கானைப் பிளக்கும். பிறகு வெற்றிடத்தில் சுமார் 900 டிகிரிக்கு மேல் ஏற்றிச் சுடுகிறோம். சுருங்கிய இடங்களை நிரப்பி இரண்டாம் முறை. நடுவில் மின்சாரம் நின்றால் அந்தச் சூடு வீண், சூளைக்கென்று தனி யுபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு முறைக்கு மேல் சுட்டால் பீங்கானின் ஒளி மங்கும், மேடுகள் உருண்டுவிடும்.

ஆறும்போதுதான் 1962இன் கண்டுபிடிப்பு வேலை செய்கிறது. உலோகம் பீங்கானைவிடச் சற்றே அதிகமாகச் சுருங்கும்படி இரண்டையும் தேர்ந்திருப்பார்கள். சுருங்கும் உலோகம் பீங்கானையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும். அழுத்தத்தைத் தாங்குவது பீங்கானின் பலம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அந்த அழுத்தத்திலேயே அதை வைத்துவிடுகிறோம். ஆகவே ஒரு நிறுவனத்தின் பீங்கானை ஒத்துவராத உலோகத்தின் மேல் போடாதீர்கள், விலை குறைவாகக் கிடைக்கிறது என்றாலும்.

பக்கத்துப் பல்லைத் தொடும் இடத்தையும் கடியையும் ஆர்ட்டிகுலேட்டரில் சரிசெய்து, தேவையான இடத்தில் சிறு நிறத்தீற்றல் வைத்து, வெற்றிடம் இல்லாமல் கடைசிச் சூடு கொடுத்தால் பீங்கான் தானே மினுமினுக்கும். இது கிளேஸ். வெளியே தெரியும் உலோகப் பட்டையை ரப்பர் சக்கரத்தால் மெருகேற்றி, உள்ளே படிந்த ஆக்சைடை மணலால் நீக்கி, டையில் கடைசியாக வைத்துப் பாருங்கள்.

திரும்பி வருபவை

அனுப்பிய கேப் சில நேரம் திரும்பி வரும். வருத்தப்பட்டுக்கொண்டு உட்காராமல், எந்தப் படியில் பிறந்த குறை என்று தேடுங்கள். கேப் அடிவரை இறங்கவில்லையென்றால் முதலில் உள்ளே குமிழ் இருக்கிறதா, பிறகு பக்கத்துத் தொடுகை இறுக்கமா, பிறகு ஸ்பேசர் பூசினோமா என்று பாருங்கள். கடி உயரமாக இருந்தால் கடிப் பதிவையும் ஆர்ட்டிகுலேட்டரையும் பாருங்கள். பீங்கான் உடைந்து வந்தால் உடைந்த இடத்தை உற்றுப் பாருங்கள். உலோகம் பளிச்சென்று தெரிந்தால் ஒட்டலில் குறை, ஆக்சைடிலோ அசுத்தத்திலோ தவறியிருக்கிறோம். உலோகத்தின் மேல் பீங்கான் படலம் மிஞ்சியிருந்தால் தாங்கல் இல்லாமல் அந்தரத்தில் நின்று உடைந்திருக்கிறது, அதாவது மெழுகைச் சீவிய அன்றே பிறந்த குறை.

திரும்பி வந்த கேப்பை நாங்கள் தூக்கி எறிவதில்லை. புதியது செய்து அனுப்பிய பிறகு, பழையதைத் தகட்டுச் சக்கரத்தால் குறுக்கே இரண்டாக அறுத்து, பிள்ளைகளை அழைத்து, உலோகம் எங்கே தடிப்பு, பீங்கான் எங்கே மெலிவு என்று காலிப்பரை வைத்து அளக்கச் சொல்கிறேன்.